தண்ணீர் இறங்கிய பின்னேரம்

ஓட்டைக்குள் தண்ணீரைக் காணவில்லை.

மத்தியானம் மீன்பிடிக்க, உறைந்த நீர்த்தேக்கத்தின் ஐஸை ஓகர் இயந்திரத்தால் துளைத்தபோது தண்ணீர் விளிம்புக்கு மேலே பொங்கி வந்து, ஸ்ரீஸ்கந்தராசாவின் சப்பாத்தை நனைத்து, ஓட்டையைச் சுற்றிச் சாம்பல் நிறக் கூழாக உறைந்திருந்தது. இப்போது தூண்டிலின் மிதப்பு அந்த ஓட்டையின் நடுவில் வெறும் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் முழந்தாளில் இருந்து குனிந்து பார்த்தான். ஐஸின் தடிப்பு முடிகிற இடத்துக்குக் கீழே இருட்டு. அந்த இருட்டிலிருந்து சேறும் அழுகிய இலையும் மணத்தன. அவற்றோடு இன்னொரு மணமும் வந்தது. முதல்நாள் சோற்றை மூடிவைத்து மறந்துபோய், பிறகு திறந்தால் வருகிற புளித்த மணம்.

"இக்னேசியஸ் அண்ணை, தண்ணியைக் காணேல்லை."

"ஆரும் களவெடுத்திட்டாங்களோ?" என்று சிரித்துக்கொண்டே இக்னேசியஸ் தன் கூடாரத்திலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. மன்னார்க் கரையில் பிறந்து கடலிலேயே வளர்ந்த மனிதர் அவர். இப்போது மார்க்கம் நகரில், கார்க் கதவுக்குப் பிடி செய்கிற தொழிற்சாலையில், சிறியோடு ஒரே ஷிஃப்டில் வேலை செய்கிறார். ஸ்ரீஸ்கந்தராசா என்ற நீளப் பெயரைச் சிறி என்று வெட்டியவரும் அவர்தான்.

"டாம்காரர் கேற்றைத் திறந்திட்டாங்கள்" என்றார். "ஸ்நோ உருகி வாற தண்ணிக்கு இடம் வேணுமெல்லே. மாரியிலை இப்பிடி இறக்கிறவங்கள்தான். ஆனா இவ்வளவு கெதியா இறக்கி நான் காணேல்லை. இப்ப நாங்கள் நிக்கிற ஐஸுக்குக் கீழை ஒண்டும் இல்லை, சிறி. அந்தரத்திலை நிக்குது."

"அப்ப வெளிக்கிடுவமே?"

"பொறு. நீ தண்ணிக்கடி மேட்டுக்கு மேலை நிக்கிறாய், உதுதான் பெலமில்லாத இடம். நான் இரும்புக் கம்பியாலை குத்திப் பாத்து, நல்ல பாதை பிடிச்சு, ட்ரக்கிலை இருந்து கயிறும் கொண்டு வாறன். அதுவரை உதிலையே இரு. எழும்பி நடக்காதை. விளங்குதே?"

காற்று உள்ளே வராமல் கூடாரத்தின் சிப்பை வெளியிலிருந்து இழுத்து மூடிவிட்டுப் போனார். அவருடைய கம்பி ஐஸைக் குத்துகிற சத்தம் டக், டக் என்று கரைப்பக்கமாகத் தேய்ந்துபோனது. சிறி கவிழ்த்த வாளியில் இருந்தான். சிவப்புத் துணிக் கூடாரம், சின்ன காஸ் ஹீற்றர், ஒரு தூண்டில், ஒரு ஓட்டை. கைகால் நீட்ட இடம் காணாது.

ரொறொன்ரோவிலிருந்து வடக்கே வந்தால், ஒரு ஆற்றை மறித்துக் கட்டிய இந்த நீர்த்தேக்கம். இங்கே வால்ஐ மீன் பகல் முழுக்கப் பழைய ஆற்றுப் பள்ளத்தில் சோம்பிக் கிடக்கும். வெயில் சாயத்தான் மேட்டுக்கு ஏறி இரை தேடும். அதனால் பின்னேரம்தான் நேரம். ஈயக்குண்டு வைத்த தூண்டிலில் சிறுமீனின் தலையைக் கொழுவி, அடிமட்டும் இறக்கி, சேறு கிளம்ப அடியில் மூன்று தரம் குத்தவேண்டும். பிறகு மெல்லத் தூக்கி, அசைக்காமல் பிடிக்கவேண்டும். "கதவிலை தட்டு. தட்டிப்போட்டுப் பேசாமல் நில்லு. உள்ளுக்கை இருக்கிறது தானா வரும்" என்பது இக்னேசியஸின் பாடம்.

சும்மா இருந்தால் பயம் கூடும் என்று சிறி நூலை இறக்கினான். கீழே கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. ஈயம் அதில் விழுகிற சத்தம் கிணற்றுக்குள் கல் போட்டதுபோல் முழங்கிக் கேட்டது. மூன்று தரம் குத்தினான். தூக்கினான். பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

அவனுடைய சப்பாத்துக்குக் கீழே, ஐஸின் அடிப்பக்கத்தில், மூன்று தட்டு.

ஐஸ் வெடிக்கிற சத்தம் அவனுக்குத் தெரியும். அது நீளமாக ஓடும், தூரத்தில் ஆரோ தகரத்தைத் தட்டியதுபோல் முடியும். இது அப்படி இல்லை. விரல்மொழியால் தட்டியதுபோல் அளவாக, அடக்கமாக இருந்தது. தண்ணீர் இறங்கினால் ஆயிரம் சத்தம் வரும் என்று தனக்குத்தானே சொன்னான். வாய்விட்டே சொன்னான். சொன்ன பிறகும் கால்களை வாளியின் பக்கமாக உள்ளே இழுத்துக்கொண்டான்.

இந்த இடத்துக்கு அவன் ஐஸ் பிடிக்குமுன் ஒருமுறை தனியாக வந்திருந்தான். அது இக்னேசியஸுக்கும் தெரியாது, மனைவி மங்கையற்கரசிக்கும் தெரியாது.

ஊரில் போர் முடிந்த மே மாதத்துக்குப் பிறகு வந்த முதல் குளிர்காலம் இது. மங்கையின் ஒரே தம்பி அருள்நாயகம் கடைசியாகக் கதைத்தது போரின் இறுதி நாட்களில், சனம் ஒதுங்கிய கடற்கரை மணல் திட்டியில் ஒரு பங்கருக்குள் இருந்து. "அக்கா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்தவன் பிறகு எடுக்கவில்லை. அன்றிலிருந்து மங்கை தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு அஜின்கோர்ட் வீட்டின் முன்னறையிலேயே இருந்தாள். முகாம்களின் படங்களில் தம்பியின் முகம் தேடினாள். வேலைக்குப் போகவில்லை, படுக்கைக்கு வரவில்லை, சிறி கேட்டதற்கு மறுமொழி சொல்லவில்லை. தம்பி செத்தான் என்று தெரிந்தால் அழுது முடிப்பாள், உயிரோடு இருந்தால் சிரிப்பாள். இரண்டும் இல்லாமல் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தாள். சிறிக்குத் தன் மனைவி திரும்ப வேண்டும். அந்த வீட்டில் ஒரு நாளாவது அவள் சிரிக்கவேண்டும். வேறு ஒரு ஆசையும் அவனுக்கு இருக்கவில்லை.

செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிட்டால் போனவன் போய்விடுவான், இவளுக்கும் மனம் ஆறும் என்று அவனாகவே ஒரு கணக்குப் போட்டான். செத்த செய்தி இல்லாமல் செய்யமுடியாது என்று கோயில் ஐயர் மறுத்துவிட்டார். செத்தவீடுகளில் முன்நின்று எல்லாம் செய்து கொடுக்கிற அமிர்தநாதரிடம் போய், ஆருக்கோ கேட்பதுபோல் கேட்டான். "ஓடுற தண்ணியா இருக்கவேணும் தம்பி, கடலிலை போய்ச் சேருற தண்ணி" என்றார் அவர். "பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சோறு குடுக்கிறம். வந்து திண்டது போக வழி விடவேணும். மறிச்ச தண்ணியிலை குடுத்தா, வந்தது அதுக்குள்ளையே நிண்டுபோம். வந்தது ஆரெண்டும் உனக்குத் தெரியாது."

கடலுக்குப் போய்ச் சேருகிற ஒன்ராறியோ ஏரியின் கரை பக்கத்தில்தான். ஆனால் அங்கே பின்னேரத்தில் நடக்கப் போகிற சனம் முழுக்கத் தமிழ்ச் சனம். ஸ்காபரோவில் ஒருவர் தும்மினால் ஒஷாவாவில் இருந்து சுகம் விசாரிப்பார்கள். மங்கையின் காதுக்குப் போனால் வீட்டில் கிரியை அவனுக்குத்தான். அதனால் ஆரும் வராத இந்த நீர்த்தேக்கத்துக்கு வந்தான். தண்ணீருக்குள் இறங்கித் தெற்கே பார்த்து நின்று, எள்ளுப் பிசைந்த சோற்று உருண்டைகளை இந்த மேட்டில்தான் விட்டான். "அருள்நாயகம், வந்து ஏற்றுக்கொள்" என்று கூப்பிட்டான். தண்ணீர் அசையவில்லை. உருண்டைகள் போட்ட இடத்திலேயே கிடந்தன. அவனும் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

வெளியே வெளிச்சம் குறைய, கூடாரத்தின் சிவப்பு மண்ணிறமாகி, பிறகு அந்த நிறமும் போனது. ஹீற்றரின் மெல்லிய இரைச்சல். இக்னேசியஸின் கம்பிச் சத்தம் இப்போது கேட்கவில்லை.

ஓட்டையிலிருந்து ஆவி எழும்பியது.

வெதுவெதுப்பான வெள்ளை ஆவி. எழும்பியது, நின்றது. ஓட்டைக்குள் திரும்ப இழுபட்டது. மறுபடி எழும்பியது. அவன் தன் மூச்சை அடக்கிப் பார்த்தான். ஆவி நிற்கவில்லை, ஒரே சீராக வந்து போனது.

"அத்தான்."

சத்தம் மிகப் பக்கத்தில். ஐஸின் தடிப்பளவு தூரத்தில்.

கலியாண வீட்டில் மோதிரத்தை ஒளித்துவைத்துவிட்டு, "அத்தான், அக்காவைக் கூட்டிக்கொண்டு போக விடமாட்டன்" என்று மறித்து நின்ற இருபது வயதுப் பெடியனின் குரல். சிறிக்குக் கண்ணீர் வந்தது. பயமா அன்பா என்று அவனால் பிரிக்க முடியவில்லை. ஓட்டையின் விளிம்பில் முழந்தாளில் விழுந்தான்.

"அருள்?"

"இஞ்சை வழி இல்லை, அத்தான்."

"என்னை மன்னிச்சுக்கொள்ளு அருள். நான் தெரியாமல்…"

"எல்லாப் பக்கமும் சுவர். பசிக்குது. கையைத் தாங்கோ."

தாங்கமுடியாத பாவமாக இருந்தது. பங்கருக்குள் அடைபட்டுச் செத்தவனைத் திரும்பவும் தானே இங்கே அடைத்துவிட்டானே என்று சிறி விம்மினான். கையுறையைக் கழற்றினான். தோள்வரை ஓட்டைக்குள் விட்டால் எட்டும். ஐஸின் பச்சைச் சுவர் முழங்கையில் உரசியது. விரல் நுனியில் கீழிருந்து அந்த மூச்சு பட்டது.

சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது.

"இஞ்சருங்கோ!" மங்கையின் குரல். அவள் கத்தினாள். "தம்பி எடுத்தவன்! அருள் எடுத்தவன்! உயிரோடை இருக்கிறான்! வேறை பேரிலை முகாமிலை வைச்சிருந்தவங்களாம், இப்ப விட்டிட்டாங்களாம். லைனிலை நிக்கிறான், மூண்டு பேருமாக் கதைப்பம். தம்பி, கதை, அத்தானோடை கதை!"

கரகரப்பு. தூரம். ஒரு இருமல்.

"அத்தான்."

கிழவனுடையது போன்ற, தேய்ந்துபோன குரல். பல்லில்லாத இடத்தில் காற்றுப் போகிற குரல்.

"அருள்… நீயே?"

"ஓம் அத்தான். நான்தான். என்ன, செத்துப்போனன் எண்டு நினைச்சிட்டியளோ?" என்று தொலைபேசியில் அருள் சிரித்தான். மங்கை சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு சிரிக்கிறாள். சிறி அதைக் கேட்டுக்கொண்டு முழந்தாளில் இருந்தான். அவனுடைய வலது கை இன்னும் ஓட்டைக்குள் இருந்தது.

மூச்சு நின்றிருந்தது. கீழே ஒரு சத்தமும் இல்லை. காதைக் கொடுத்துக் கேட்பதுபோல் ஒரு அமைதி.

பிறகு ஓட்டையிலிருந்து அதே கரகரப்பு. அதே இருமல். அதே பல்லில்லாத காற்று.

"செத்துப்போனன் எண்டு நினைச்சிட்டியளோ?"

கையை வெளியே இழுத்தான். தொலைபேசி ஐஸில் விழுந்து சறுக்கிக் கூடாரத்தின் மூலைக்குப் போனது. மங்கை அதற்குள் இருந்து கூப்பிட்டாள். கீழே இருந்தும் மங்கை கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ." கொஞ்சம் பிழை. "இஞ்சருங்கோ." இப்போது சரி.

செத்தவன் சாகவில்லை. அப்படியென்றால் சோற்றைத் தின்றது ஆர்?

பேர் சொல்லிக் கூப்பிட்டான். பேருக்கு உரியவன் உலகத்தின் மறுபக்கத்தில் உயிரோடு இருந்தான். அந்தப் பேருக்கு வேறொன்று வந்திருக்கிறது. தின்றிருக்கிறது. போக வழியில்லாமல் ஐஸுக்குக் கீழே இருந்திருக்கிறது. பசியோடு.

எழும்பாதே என்று இக்னேசியஸ் சொன்னார். சிறி எழும்பினான். சிப்பைப் பிடித்து இழுத்தான். ஓட்டையின் ஆவி படிந்து சிப் முழுக்க இறுகி உறைந்திருந்தது. நகத்தால் கீறினான். பல்லால் கடித்தான். உதட்டுத் தோல் உலோகத்தில் ஒட்டிக் கிழிந்தது.

"அண்ணை!" என்று கத்த வாயைத் திறந்தான்.

"அண்ணை!" என்றது கீழே.

அவனுடைய குரல். பிழையில்லாமல்.

"அண்ணை, கெதியா வாங்கோ!"

தூரத்தில் இக்னேசியஸ், "வாறன் சிறி, வாறன், அசையாதை!" என்றார்.

சிறி மறுபடி கத்தினான். தொண்டை அசைந்தது. நெஞ்சு எக்கியது. வாயிலிருந்து வெள்ளைக் காற்று மட்டும் வந்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டான். அம்மா என்று சொல்லிப் பார்த்தான். சொல் கீழே கேட்டது.

ஐஸ் அவனுடைய காலுக்குக் கீழே சரிந்தது.

கதவுபோல் ஒரு துண்டு ஒரு பக்கம் தாழ, அவன் அதன் வழியே சறுக்கிக் கீழே போனான். தண்ணீரை எதிர்பார்த்தான். சேற்றில் விழுந்தான். குளிர்ந்த, வழுக்கும் சேற்றுச் சரிவு. தலைக்கு மேலே ஐஸ் கூரை, குந்தியிருக்கும் உயரம்கூட இல்லை. மங்கலான சாம்பல் வெளிச்சம். சரிவின் முடிவில் கறுப்புத் தண்ணீர். புளித்த சோற்று மணம் மூக்கை அடைத்தது.

ஏதோ ஒன்று அவனைக் கடந்து மேலே ஊர்ந்தது.

அவன் முதுகில் கை ஊன்றி ஏறியது. கை ஐஸைவிடக் குளிர். அவன் திரும்பியபோது இரண்டு சப்பாத்துகள் சரிந்த துண்டின் மேல் ஏறிப் போவதைக் கண்டான். அவனுடைய சப்பாத்துகள்போலவே. குனிந்து பார்த்தான். அவனுடைய சப்பாத்துகள் அவன் காலில்தான் இருந்தன.

ஏறியது மேலே போனதும் துண்டு திரும்ப எழும்பித் தன் இடத்தில் பொருந்தியது. பாரமாக. இறுக்கமாக.

அவன் இரண்டு கையாலும் தள்ளினான். தோளால் தள்ளினான். அசையவில்லை.

மேலே துணி கிழிகிற சத்தம். பிறகு இக்னேசியஸின் காலடி.

"சிறி! என்னடா, விழுந்திட்டியே?"

"இல்லை அண்ணை. கால் மட்டும் கொஞ்சம் தாண்டது" என்றது மேலே அவனுடைய குரல்.

"கர்த்தரே… சொன்னனான் எல்லே, எழும்பாதை எண்டு. கயிற்றைப் பிடி. முகமெல்லாம் சேறு, துடை."

சிறி முஷ்டியால் ஐஸைக் குத்தினான். குத்தினான். குத்தினான்.

"உதென்ன சத்தம்?" என்றார் இக்னேசியஸ்.

"ஐஸ், அண்ணை. தண்ணி இறங்குதெல்லே."

கூடாரம் கழன்றது. அதற்காக மத்தியானம் பனியை வழித்துத் துப்புரவாக்கிய இடம், கண்ணாடிபோல் தெளிந்த ஐஸ், அவனுடைய முகத்துக்கு நேர் மேலே இருந்தது. இக்னேசியஸின் நெற்றி லைட் அதில் ஆடியது. ஆரோ குனிந்து தொலைபேசியை எடுத்தார்கள்.

"ஓம் மங்கை. விழுந்துபோச்சு, அதுதான் லைன் நிண்டது. வெளிக்கிட்டிட்டம், வாறன். நீ சமைச்சு வை. நல்ல பசி."

மங்கை ஏதோ சொல்லிச் சிரித்தாள். ஐஸினூடாகவும் அந்தச் சிரிப்பு கேட்டது. எவ்வளவு காலத்துச் சந்தோசம். ஏங்கி ஏங்கிக் கேட்கக் காத்திருந்த சிரிப்பு, வேறொன்றின் காதுக்குள் விழுந்துகொண்டிருந்தது. சிறி ஐஸில் வாயை வைத்து அலறினான். வெள்ளைக் காற்று கண்ணாடியில் படிந்தது. துடைத்தான்.

"வா சிறி, இருட்டுது" என்றார் இக்னேசியஸ்.

"நீங்கள் நடவுங்கோ அண்ணை. இந்தா வாறன்."

காலடி விலகியது. நெற்றி லைட்டும் அதோடு தூரமாகப் போனது. மிச்ச வெளிச்சத்தில் ஒரு முகம் இறங்கி வந்து ஐஸுக்கு மிகக் கிட்ட நின்றது. கிழிந்த உதடு. சேறு துடைத்த கன்னம். தினமும் சவரக் கண்ணாடியில் பார்க்கிற முகம். அது கோபமாக இல்லை. சிரிக்கவும் இல்லை. ஒரு சாமான் வைத்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்தது.

பிறகு அது முழந்தாளில் இருந்து, பக்கத்துப் பனியை இரண்டு கையாலும் அள்ளித் தெளிந்த ஐஸின் மேல் போட்டது. முதலில் ஒரு மூலை. பிறகு மற்ற மூலை. அவசரமில்லை. அள்ளியது, பரப்பியது, உள்ளங்கையால் தடவி மட்டமாக்கியது. நடுவில் முகத்தளவு இடம் மிஞ்சியது. அதையும் மூடியது.